ஒன்பதாவது வளைவில் சொன்னது

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். தாளவாடிங்களா? நானும் தாளவாடிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கறேன். போய்ச் சேருவனான்னு மட்டும் கேக்காதீங்க. பண்ணாரி தாண்டுனா மலை, இருபத்தேழு வளைவு. பஸ்ஸு உருட்டி உருட்டி ஏத்தறதுக்குள்ள நேரமாயிரும், பேசிக்கிட்டே போலாம். தூக்கம் வந்தாச் சொல்லிருங்க, நான் வாயை மூடிக்கறேன். இதை எங்க ஊட்டுல கேட்டா சிரிப்பாங்க, ஆனா மூடிக்குவேன்.

எனக்கு ஊரு கோபிங்க. பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால மோட்டாரு ரிப்பேர் கடை. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, எது வேணாலும் கழட்டி மாட்டிக் குடுத்திருவேன். பம்புசெட்டு ராசுன்னு கேட்டா சின்னக் குழந்தைகூட கடையைக் காட்டும். ஓடற சத்தத்தைக் கேட்டே பேரிங்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொல்லிருவனுங்க. "சத்தம் வந்தா அன்னைக்கே கழட்டிக் கொண்டா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தீன்னா மொத்தமாப் போயிரும், அப்பறம் எங்கிட்ட வந்து அழுகாதே." தெனமும் பத்து வெவசாயிக்காவது இதைச் சொல்லித் திட்டுவேன். எதுக்குச் சொல்றேன்னா, பம்பைப் பத்தித் தெரியாத ஆளு இல்லைங்க நான்.

எங்கிட்ட ஒரு காரு இருக்குது. செகண்ட்ஸ்ல வாங்குனது, ஏழு பேரு உக்காரலாம். போன ஆவணியில அதுல ஒரு கீச்சுச் சத்தம் வந்துச்சுங்க. காலையில வண்டியை எடுத்தா, நின்ன எடத்துல பச்சையா நாலு சொட்டுத் தண்ணி. நம்ம மெக்கானிக் ஆறுச்சாமிகிட்டக் காட்டுனேன். பானெட்டைத் தூக்கி கையை உள்ள வுட்டு ஆட்டிப் பாத்தான். "அண்ணா, வாட்டர் பம்பு போச்சுங்க. இஞ்சினுக்குள்ள தண்ணியைச் சுத்த உடறதே இதுதானுங்களே, இது நின்னா இஞ்சின் வெந்துரும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும், மாத்திரலாங்களா?"ன்னான்.

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா"ன்னேன்.

அவன் சிரிச்சானுங்க. "இதையே நான் உங்க கடையில வந்து சொல்லியிருந்தா ஸ்பேனரை எடுத்து எறிஞ்சிருப்பீங்கண்ணா"ன்னான். போறப்ப ஒண்ணு சொன்னான். "ஊருக்குள்ள ஓட்டறதுன்னா தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டுங்க. மலைக்கு மட்டும் ஏத்தீராதீங்க." நல்லாக் கேட்டுச்சுங்க எனக்கு. காது செவுடு இல்ல.

பணமில்லாம இல்லைங்க. அதே வாரம்தான் வண்டிக்கு சீட் கவரு மாத்துனேன், எட்டாயிரம். முன்னால தொங்க வுடற மணக்கற டப்பாகூட வாங்குனேன். ஏன்னா எங்க கோகிலாவுக்கு எடம் வந்திருந்துச்சு. கோகிலாங்கறது என்ற சம்சாரம் ருக்மணியோட அண்ணன் பொண்ணு, எனக்கு மருமக முறை. பார்மசி படிச்சிட்டு கோபியிலயே ஒரு மருந்துக்கடையில வேலை. நல்ல புள்ளைங்க. கெழவன் கெழவி வந்தா, காலையில எது, ராத்திரி எதுன்னு மாத்திரை அட்டை மேல சூரியன், நெலா படம் போட்டுக் குடுத்து அனுப்பும்.

தாளவாடிப் பக்கம் தோட்டம் தொரவோட மாப்ள. பையன் கோபிக்கு வந்து பாத்துட்டுப் போயிட்டான், புடிச்சிருந்துச்சு. அதுக்கும் புடிச்சிருந்துச்சு. கேட்டா சொல்லாது, ஆனா அந்த வாரம் பூரா தலைக்குப் பூ வெச்சுக்கிட்டு கடைக்குப் போச்சு. இனி நாங்க போயி மாப்ள ஊட்டைப் பாத்துட்டு, அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கறதுன்னு பேச்சு. அந்தம்மா, அதான் மாப்ளையோட அம்மா, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, வாழப்போற ஊட்டை அதுவும் பாக்கட்டும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. எவ்வளவு தங்கமான பேச்சு பாருங்க.

என்ற மச்சான் குழந்தசாமி, கோகிலாவோட அப்பா, பால்காரரு. எருமை வெச்சு ஊத்தறாரு. வாயில்லாத மனுசன். அவரு முன்னாடியே ஒரு வாடகை வேனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாருங்க. நான்தான் தடுத்தேன். "என்னங் மச்சான், ஊட்டு மாப்ள நான் குத்துக்கல்லாட்ட இருக்கறேன், வாடகை வேன்ல போயி சம்மந்தி ஊட்டு வாசல்ல எறங்குவீங்களா? நாளைக்கு ஊரு என்னை என்ன பேசும்?"னு கத்திப்போட்டேன். அவரு மறுபேச்சுப் பேசாம வேனை வேண்டாம்னுட்டாரு. அட்வான்ஸ் திரும்பி வரலை. எங்க பக்கத்துல மாப்ள ஒரு வார்த்தை சொன்னா பொண்ணு குடுத்தவங்க எதுத்துப் பேச மாட்டாங்க. அது ஒரு மரியாதைங்க. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்துச்சுன்னும் சொல்லலாம். ஆனா குடுக்கறவங்க குடுத்தா நாம என்னங்க பண்றது?

பண்ணாரி வந்திருச்சு பாருங்க. பஸ்ஸு சித்த நேரம் நிக்கும். நீங்க அம்மன் கோயிலுக்குப் போயிக் கும்பிட்டுட்டு வாரதுன்னா வாங்க. நான் எறங்கலை.

வந்துட்டீங்களா? புத்துமண்ணுத் திருநீறா... குடுங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது.

அன்னைக்கும் இதே எடத்துல நிறுத்துனோமுங்க. மலையேறற எந்த வண்டிதான் நிறுத்தாம போகும்? எல்லாரும் ஆத்தாளைக் கும்பிடப் போனாங்க. நான் போகலை. எதுக்குன்னா, அவங்க உள்ள போன நேரத்துல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த. மூணு பாட்டலைக் குடிச்சுது. மச்சான் சீக்கிரமே வந்துட்டாரு. "என்னங் மாப்ள?"ன்னாரு. "ஒண்ணுமில்லீங் மச்சான், மலைக்கு முன்னால ஊத்தறது வழக்கம்"னேன். வாயில பொய்யி எப்படி வருது பாருங்க, நெனைக்கறதுக்கு முன்னாலயே வந்து நிக்குது.

புதன்கெழமை. பத்தரையிலிருந்து பன்னண்டுக்குள்ள மாத்தறதுன்னு நேரம் குறிச்சிருந்தாங்க. பன்னண்டுக்கு மேல ராகுகாலம். ஏழு பேரு, ஏசி வேற. ஆறாவது வளைவு திரும்பறப்பவே சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு, "மலைக்காத்து நல்லா இருக்கும், கண்ணாடியை எறக்குங்க"ன்னு ஏசியை அமத்துனேன். அங்க நிறுத்தியிருந்தா அரை மணி நேரம் ஆற வெச்சு, தண்ணி ஊத்தி, மெதுவா ஏறியிருக்கலாம். நிறுத்துனா ஏன்னு கேப்பாங்களேங்க. முன் சீட்டுல மச்சான், பின்னாடி அந்தப் புள்ளை பச்சைப் பட்டுச் சேலையோட. கண்ணாடியில அது மூஞ்சி தெரிஞ்சுது. எப்படிங்க நிறுத்துவேன்?

ஒன்பதாவது வளைவுல பானெட்டுலிருந்து குபுகுபுன்னு பொகை. டப்புன்னு ஒரு சத்தம். வண்டி நின்னிருச்சு. அத்தனை பேரும் எறங்கி ஓரமா நின்னாங்க. கொரங்குக சுத்தி உக்காந்து வேடிக்கை பாக்குது. போன்ல சிக்னல் இல்ல. நான் பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறேன். எல்லாரும் என்ற மூஞ்சியையே பாக்கறாங்க. அப்ப யாரோ ஒருத்தர் சொல்லிட்டாங்க, "வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல. ஆத்தாளைக் கும்பிட்ட கையோட இப்படி நிக்குதுன்னா, இது என்னமோ தடங்கலாட்ட இருக்குது"ன்னு. அந்தப் பேச்சுதாங்க எல்லாத்துக்கும் ஆரம்பம்.

அப்பறம் மேல போற ஒரு பைக்குக்காரங்கிட்டச் சொல்லி அனுப்பி, மாப்ள ஊட்டுல இருந்து ஜீப்பு வந்துச்சு. எல்லாரையும் அதுல ஏத்தி அனுப்பிட்டு நான் வண்டிக்குக் காவல் இருந்தேன். அங்க நடந்ததெல்லாம் ருக்மணி சொல்லித்தான் தெரியும். இவங்க போய்ச் சேர்றப்ப பன்னண்டு தாண்டிருச்சு. ராகுகாலத்துல உள்ள கூப்பிட முடியாதுன்னு ஒன்றரை வரைக்கும் ஜீப்புலயே உக்கார வெச்சுட்டாங்க. கோகிலா அத்தனை நேரமும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சாம். அந்தப் பையன் வந்து எல்லாருக்கும் மோரு குடுத்தானாம். இந்தப் புள்ளைக்குச் சொம்பைக் குடுக்கறப்ப மட்டும், "பரவால்ல, பயப்படாதீங்க"ன்னு மெதுவாச் சொன்னானாம்.

உள்ள போனதும் அந்தம்மா, ஏனுங் இவ்வளவு நேரமாச்சுன்னு கேட்டிருக்காங்க. வேற ஆளா இருந்தா, டயரு பஞ்சருன்னு சொல்லியிருப்பான். எங்க மச்சானுக்குப் பொய்யி சொல்லத் தெரியாது. "வண்டி நல்ல வண்டிங்க, ஆனா ஆத்தாளைக் கும்பிட்டுட்டு வாரப்ப நின்னிருச்சு. என்னமோ தடங்கலாட்ட இருக்குதுன்னு சொன்னாங்க"ன்னு கேட்டதை அப்படியே ஒப்பிச்சுட்டாரு. அந்தம்மா மூஞ்சி மாறிருச்சாம். சோறு போட்டாங்க, வடை பாயசத்தோட. வெத்தலை பாக்கு மட்டும், இன்னொரு நாளைக்கு மாத்திக்கலாம்னுட்டாங்க. மூணாம் நாளு போன் வந்துச்சு, பையனுக்கு இப்ப நேரம் சரியில்லைன்னு.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். இதுதானுங்க அந்த ஒன்பதாவது வளைவு.

வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து ஆறுச்சாமி பட்டறையில போட்டோம். இஞ்சின் ஹெட்டு வளைஞ்சு போச்சு, கேஸ்கட்டு போச்சு, அது போச்சு, இது போச்சுன்னு நாப்பத்தோராயிரம் சொன்னான். நாலாயிரத்து ஐந்நூறுல முடிய வேண்டியது. நான் பட்டறையில நின்னு அவங்கிட்டப் பேசிட்டு இருக்கறேன், மச்சான் டிவிஎஸ் வண்டியில வந்து எறங்கறாரு. இடுப்புல இருந்து ஒரு மஞ்சப் பையை எடுத்து நீட்டுனாரு. "என்ற பொண்ணு காரியத்துக்கு வந்துதானுங் மாப்ள உங்க வண்டி கெட்டுப்போச்சு. ஏழு பேரை ஏத்திக்கிட்டு மலையேறச் சொன்னது என்ற தப்பு. நீங்க கையில இருந்து போடக் கூடாது"ன்னாரு. ரெண்டு எருமையை வித்துட்டு வந்திருக்கறாருங்க மனுசன். ரெண்டும் கறவை எருமை.

ஆறுச்சாமி என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். அவன் ஸ்பேனரைத் தொடச்சுக்கிட்டே உள்ள போயிட்டான்.

வாங்கிட்டனுங்க. வாங்கலைன்னா அவரு மனசு நொந்துருமே. மாப்ள கோவமா இருக்கறாரு, அதான் காசு வாங்கலைன்னு நெனைச்சுக்குவாரு. எங்க பக்கம் அப்படித்தான். என்னைக்காவது அவங்க ஊட்டு விசேசத்துல திருப்பிச் செஞ்சிரலாம்னுதான் வாங்குனேன். விசேசம் எங்க வந்துச்சு? அந்தப் புள்ளைக்குத்தான் ஒண்ணும் அமைய மாட்டேங்குதே.

ஆமாங்க, அதுக்கப்பறம் ரெண்டு எடம் வந்துச்சு. ரெண்டும் விசாரிச்சுட்டு, "பண்ணாரியில வண்டி நின்னுச்சே, அந்தப் பொண்ணுங்களா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பி வரலை. ஊருல பேச்சு எப்படிப் பரவுதுன்னே தெரியலீங்க.

என்னங்க? முதல்ல அந்தப் பேச்சைச் சொன்னது யாருன்னு கேக்கறீங்களா?

அதான் சொன்னனுங்களே, யாரோ ஒருத்தர்னு.

...நல்லாக் கேக்கறீங்க நீங்க. எந்த ஆபீசுல வேலை உங்களுக்கு?

நான்தானுங்க. நான்தான் சொன்னேன். பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறப்ப, மச்சான் பக்கத்துல வந்து, "என்னாச்சுங் மாப்ள?"ன்னாரு. ஊருக்கே பம்பு பாக்கற ஆளு, என்ற வண்டி பம்பை எட்டாயிரத்துச் சீட் கவருக்காக வுட்டுட்டேன்னு அத்தனை பேரு முன்னால எப்படிங்க சொல்றது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பழியை ஆத்தா மேல போட்டா ஆத்தா தாங்கிக்குவாள்னு நெனைச்சேன். அது அந்தப் புள்ளை தலையில போயி உக்காரும்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமாத் தெரியாதுங்க.

அந்தப் புள்ளை, வண்டி நின்ன மக்காநாளே எங்க ஊட்டுக்கு வந்துச்சு. "என்னாலதானுங் மாமா உங்க வண்டி கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னு என்ற முன்னால நின்னு அழுகுது. நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? "பரவால்ல வுடு சாமி"ன்னேன். மன்னிச்சு வுட்டனுங்க! நான் அதை மன்னிச்சேன்! ருக்மணி உள்ள இருந்து வந்து, மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருன்னா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

முந்தாநாளு என்னாச்சுன்னா, கோகிலாவோட அம்மாவுக்குத் தலை சுத்தல் வந்து உழுந்துட்டாங்க. மச்சான் பால் ஊத்தப் போயிட்டாரு. புள்ளை எனக்குப் போன் பண்ணுச்சு. வண்டியை எடுத்துக்கிட்டுப் பறந்தேன். அம்மாவைத் தூக்கிப் பின்னால படுக்க வெச்சாச்சு. "ஏறு சாமி"ங்கறேன், புள்ளை ஏறலை. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்குது, வண்டியைத் தொடக்கூட மாட்டேங்குது. "நான் ஏறுனா நடுவழியில நின்னுருமுங் மாமா. அம்மாவை நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் டவுன் பஸ்ஸுல வந்தர்றேன்"னுச்சு. மருந்துக்கடையில வேலை பாக்கற புள்ளைங்க, படிச்ச புள்ளை. ஆஸ்பத்திரி போற வரைக்கும் பின்னால அவங்க, "கோகிலா எங்க, கோகிலா எங்க"ன்னு மொனகிக்கிட்டே வர்றாங்க. முக்கா மணி நேரம் கழிச்சு அது ஓடி வந்துச்சு, பாதி வழி ஓடியே வந்திருக்கும்போல. அம்மாவுக்கு இப்பப் பரவால்ல, பிரசர்தான். ஆனா அந்த முக்கா மணி நேரத்துல ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?

அதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். தாளவாடிக்குப் போயி, அந்தம்மா முன்னால நின்னு, தடங்கலும் இல்ல ஒண்ணும் இல்ல, என்ற வண்டி பம்பு போயிருந்துச்சுன்னு சொல்லீரணும். இதுக்கு முன்னாலயும் ரெண்டு தடவை கெளம்புனனுங்க. ரெண்டு தடவையும் மலை உச்சியில, திம்பத்துல எறங்கி டீ குடிச்சேன். டீயைக் குடிச்சு முடிக்கறப்ப எதுக்க கீழ போற பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஏறிட்டேன். இன்னைக்கு அப்படியில்லைங்க, இன்னைக்குச் சொல்லிருவேன்.

பையனுங்களா? பையனுக்குப் போன தையிலயே கல்யாணம் ஆயிருச்சுங்க. அந்தியூர்ல இருந்து பொண்ணு எடுத்துட்டாங்க.

...என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

கல்யாணம் ஆயிருச்சுன்னா? உண்மையைச் சொல்றதுக்குக் கல்யாணம் ஆனா என்ன, ஆகாட்டி என்னங்க? அந்தம்மா சொன்னா நாலு பேரு கேப்பாங்க, பேச்சு மாறும், அப்படியே கீழ எறங்கி... ஆமாங்க, நாளாகும்தான். நான் இல்லைங்கலையே.

அந்தப் புள்ளைகிட்டயா?

அதுகிட்ட... இல்லீங்க, சொல்லலை. ஊடு பக்கம்தான். ரெண்டு வீதி. நடந்து போனா பத்து நிமிசம்கூட ஆகாது. அதுகிட்ட நேரா எதுக்குன்னுதான்... சின்னப் புள்ளைங்க அது. நம்ம மேல ஒரு மரியாதை வெச்சிருக்குது. தீவாளிக்குத் தீவாளி கால்ல உழுந்து கும்பிடற புள்ளை. ஊட்டுல ஒரு பெரிய மனுசன்னு...

நீங்க சொல்றது சரிதானுங்க. சரிங்க, வுடுங்க. சரின்னுட்டேன்ல. ஆறு மாசமா இந்த மலையை ஏறி எறங்குறேன், ரெண்டு வீதி தாண்டலை. யாரோ எவரோ உங்களுக்கு, சத்தியமங்கலத்துல இருந்து இத்தனை தூரம் திக்காம திணறாமச் சொல்லிட்டு வந்திருக்கறேன். அந்தப் புள்ளை மூஞ்சியை நெனைச்சா முதல் வார்த்தையே வர மாட்டேங்குது. வெக்கமா இருக்குதுங்க. கேவலமா இருக்குது.

ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? திம்பம் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வளைவு இருக்குது. நீங்க சித்த அந்தப் புள்ளையாட்ட உக்காருங்க. நான் சொல்லிப் பாக்கறேன். ஆளுக பாத்தாப் பாத்துட்டுப் போறாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தலையை மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, அது அப்படித்தான் உக்காரும்.

கோகிலா... இங்க பாரு சாமி. அன்னைக்கு வண்டி நின்னுச்சுல்ல, பழைய வண்டி அது, எந்த வண்டிதான் மலையில...

இல்ல. இது இல்லைங்க. பழையபடியே வருது பாத்தீங்களா?

இருங்க, இன்னொரு தடவை.

கோகிலா. அன்னைக்கு உன்னால வண்டி நிக்கலை. பம்பு போயிருச்சுன்னு மெக்கானிக் சொல்லியிருந்தான், மலைக்கு ஏத்தாதேன்னும் சொல்லியிருந்தான். தெரிஞ்சேதான் உன்னை அதுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். தடங்கல்னு சொன்னதும் மாமன்தான் சாமி. உங்கப்பன் எருமையை வித்தப்பவும் வாயைத் தொறக்காம நின்னதும் மாமன்தான். நீதான் என்னை மன்னிக்கோணும். மன்னிக்காட்டியும் பரவால்ல, நீ வண்டியில ஏறு.

...ஏனுங்க, நீங்க எதுக்குக் கண்ணைத் தொடைக்கறீங்க?

கண்டக்டர், திம்பத்துல ஒரு ஆளு எறங்கணும். டீக்கு இல்லீங்க, அந்தப் புள்ளை ஊட்டுக்கு.